மன்மதனும் ரதியும் நம் மலையும்: காதல் தெய்வங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசி நெருங்கினால் என்னிடம் வரும் கேள்விகள் கூடிவிடும். தோட்டத்தில் பிறந்து கொழும்பில் கடையிலும் கார்மெண்டிலும் வேலை செய்கிற பிள்ளைகள் கேட்கிறார்கள். மன்மதன் கதையை மாசியில் ஆடிக்காட்டும் காமன் கூத்தைப் பார்க்க ஆசைப்படும் வெளியூர் நண்பர்கள் கேட்கிறார்கள். சமய பாடம் படிப்பிக்கும் இளம் ஆசிரியர்களும் கேட்கிறார்கள். நான் இலங்கை மலையகத்தில், நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கூத்து நடக்கும் காமன் பொட்டலுக்கு இரண்டு லயம் (தொழிலாளர் வரிசை வீடு) தள்ளிப் பிறந்தவன். சின்ன வயதில் கண்டதையும் பிறகு படித்ததையும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

இந்து சமயத்தில் காதலுக்கென்று தனியாக ஒரு சாமி உண்டா?

உண்டு. மன்மதன். காமன், மதன், மாரன், காமவேள், அனங்கன் எல்லாம் அவன் பெயர்தான். மனைவி ரதி. கையில் கரும்பு வில். வண்டுகளின் வரிசைதான் அந்த வில்லுக்கு நாண். தாமரை, மாம்பூ, அசோகு, முல்லை, நீலோற்பலம் என்று ஐந்து பூக்கள் அம்புகள். தென்றல் தேர், கிளி வாகனம், மீன் கொடி. அவனுடைய படைக்கலத்தில் இரும்பு ஒரு துண்டுகூட இல்லை. எல்லாம் மண்ணில் முளைப்பதும் காற்றில் வருவதும்தான்.

ஆனால் காதல் என்றால் அவன் மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். வள்ளியும் முருகனும் இருக்கிறார்கள். கையில் அதே கரும்பு வில்லோடு காமாட்சி இருக்கிறாள். கணவனின் உடம்பில் பாதியை வாங்கிய பார்வதி இருக்கிறாள். ஒவ்வொருவரும் அன்பின் ஒவ்வொரு முகம்.

நான் இந்து இல்லை. இந்து சமயத்தை முதலில் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஒருவர் தொடங்கிய சமயம் இல்லை. ஒரே ஒரு புத்தகத்தில் அடங்கியதும் இல்லை. சிவனை முதல்வனாகக் கொள்வது சைவம், திருமாலைக் கொள்வது வைணவம், அம்மனைக் கொள்வது சாக்தம், பிள்ளையாருக்குக் காணாபத்தியம், முருகனுக்குக் கௌமாரம், சூரியனுக்குச் சௌரம் என்று ஆறு வழி சொல்வார்கள். நடைமுறையில் ஒரே வீட்டுச் சாமிப் படத் தட்டில் ஆறுபேரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள்.

மலையகத்தில் இதற்கு இன்னொரு அடுக்கும் உண்டு. பெரிய கோயில் மாரியம்மனுக்கோ முருகனுக்கோ பிள்ளையாருக்கோ இருக்கும். தேயிலை மலைக்குள்ளே மரத்தடியில் முனியாண்டி இருப்பார். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் சக்கரத்துக்குக் காவலாக ரோதை முனி, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் முன்பு கும்பிட கவ்வாத்துச் சாமி. வேலை எங்கே ஆபத்தானதோ அங்கே ஒரு சாமியை வைத்தார்கள் நம் முன்னோர். அதே மனம்தான், பிரிவும் ஆசையும் அலைக்கழிக்கும் இடத்தில் மன்மதனையும் ரதியையும் வைத்தது என்பது என் எண்ணம்.

காமம் என்பது கெட்ட வார்த்தை ஆயிற்றே. அதைச் சாமியாகக் கும்பிடலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் பாதிப்பேர் படித்தவர்கள். சொல்லின் பொருள் பிற்காலத்தில் சுருங்கிப்போனதால் வந்த வினை இது. பழைய தமிழில் காமம் என்றால் காதல். திருக்குறளின் மூன்றாம் பால் காமத்துப்பால். 25 அதிகாரம், 250 குறள். பிரிந்த கணவனை நினைத்து ஒரு பெண் உறக்கமில்லாமல் கிடப்பதும், ஊடுவதும், ஊடல் தீர்வதும்தான் அதில் நிறைந்திருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மனிதன் அடைய வேண்டியவை அறம், பொருள், இன்பம், வீடு என்று நான்கு. இன்பத்தையும் அந்த வரிசையிலே வைத்துத்தான் பெரியவர்கள் சொன்னார்கள், தள்ளிவிட்டு அல்ல. அப்புறம் திருமூலர் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்: அன்பு சிவம் இரண்டு என்பர் அறிவிலார்.

மன்மதன் கதை என்ன?

மனைவி தாட்சாயணியை இழந்த சிவபெருமான் கயிலையில் கண்மூடித் தவத்தில் இருக்கிறார். அந்த நேரம் பார்த்து அசுரர்களின் கொடுமை தாங்காமல் தேவர்கள் தவிக்கிறார்கள். சிவனுக்கு ஒரு பிள்ளை பிறந்தால்தான் அசுரன் அழிவான். பிள்ளை பிறக்க வேண்டுமென்றால், இமவான் மகளாக மறுபடி பிறந்திருக்கும் பார்வதியைச் சிவன் ஏறெடுத்துப் பார்க்க வேண்டும். தவத்தைக் கலைக்கப் போகிறவர் யார்? மன்மதனைக் கூப்பிட்டார்கள்.

அவன் ஒத்துக்கொள்ளவில்லை. சிவனிடம் போனவர் கதி என்னவென்று அவனுக்குத் தெரியும். போகாவிட்டால் சாபமிடுவேன் என்று பிரமன் மிரட்டுவதாகக் கந்தபுராணம் சொல்கிறது. சாபத்தில் கிடப்பதைவிடச் சிவன் கண்ணில் படுவது மேல் என்று புறப்படுகிறான். அம்பு பட்டது. நெற்றிக்கண் திறந்தது. பிடி சாம்பல்தான் மிச்சம். ரதி அந்த இடத்தில் விழுந்து புரண்டு அழுதாள்.

பிறகு சிவன் பார்வதியை மணந்தார். ரதியின் கண்ணீருக்கு இரங்கி மன்மதனை எழுப்பினார். ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் அவனுக்கு உருவம். மற்ற எல்லோருக்கும் அவன் உடம்பில்லாதவன். அனங்கன் என்ற பெயருக்கு அதுதான் பொருள். அவனே பின்னர் கண்ணனுக்கும் உருக்குமணிக்கும் பிரத்தியும்னனாகப் பிறந்தான் என்றும் பாகவதம் கூறும்.

இந்த எரிப்பு நடந்த தலமாகத் தமிழ்நாட்டில் மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள திருக்குறுக்கையைச் சொல்வார்கள். சிவன் வீரச் செயல் புரிந்த எட்டு வீரட்டானங்களில் அது ஒன்று.

அப்படியானால் மன்மதன் தோற்றவன்தானே? தோற்றவனை ஏன் கும்பிட வேண்டும்?

அவன் எரிந்தான், ஆனால் வந்த காரியம் முடிந்தது. சிவன் கண்ணைத் திறந்தார், பார்வதியைப் பார்த்தார், முருகன் பிறந்தான். ஊருக்காகத் தன் உடம்பைக் கொடுத்தவன் என்றுதான் எங்கள் கூத்து வாத்தியார் மதன் வேடம் போடுகிறவருக்குச் சொல்லிக் கொடுப்பார். “நீ போறது சண்டைக்கு இல்லப்பா, திரும்பி வரமாட்டேன்னு தெரிஞ்சு போற. கால் அப்படி வைக்கணும்” என்பார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மன்மதன் தோற்றவனாகத் தெரிந்ததே இல்லை.

காமன் கூத்து எப்போது, எப்படி நடக்கும்?

மாசி மாதம், அதாவது பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரைக்குள். அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை அன்று காமன் ஊன்றுவது வழக்கம். தோட்டத்துக்குத் தோட்டம் முறை மாறும். நான் சொல்வது எங்கள் டிவிஷனில் கண்டது.

ஊன்றுவதென்றால் கம்பம் நடுவது. அந்த இடத்துக்குக் காமன் பொட்டல் என்று பெயர். வருடம் முழுவதும் பிள்ளைகள் பந்து விளையாடும் வெறும் நிலம்தான் அது. மாசியில் மட்டும் செருப்போடு யாரும் மிதிக்கமாட்டார்கள். கரும்பு, ஆமணக்கு, வைக்கோல் பிரி, வரட்டி எல்லாம் சேர்த்துக் கட்டி, குழியில் காசு போட்டு, தேங்காய் உடைத்து நடுவார்கள். ஆடுகிறவர்கள் காப்புக் கட்டி விரதம் தொடங்குவார்கள். மீன், இறைச்சி, குடி எதுவும் கூடாது. பகலில் எல்லோரும் மலைக்கு வேலைக்குப் போவார்கள். இரவில் ஒத்திகையும் ஆட்டமும்.

அடுத்த நாட்களில் கதை மெல்ல வளரும். ரதிக்கும் மதனுக்கும் கல்யாணம். ரதியும் மதனும் லயம் லயமாக, வாசல் வாசலாக வந்து ஆடுவார்கள். வீட்டுக்காரர் காலுக்குத் தண்ணீர் ஊற்றி, அரிசியும் காசும் கொடுத்து, தட்டில் கற்பூரம் காட்டுவார். கல்யாணமாகிப் பிள்ளையில்லாதவர்கள் நேர்த்தி வைப்பார்கள். பிறகு இந்திரனிடமிருந்து தூதன் ஓலையோடு வருவான். தூதன் வரும் இரவில்தான் கூட்டம் சேரத் தொடங்கும். கையில் பந்தத்தோடு இருட்டிலிருந்து ஓடி வருவான். சின்ன வயதில் அவனைக் கண்டு நான் அப்பாயியின் (அப்பாவின் அம்மா) சேலைக்குள் ஒளிந்திருக்கிறேன்.

கடைசி இரவு பௌர்ணமியை ஒட்டி வரும். போயா விடுமுறை என்பதால் வெளியில் வேலை செய்கிறவர்களும் வந்துவிடுவார்கள். நந்தி, வீரபத்திரன், காளி, எமன், குறவன் குறத்தி என்று வேடங்கள் விடியும்வரை வரும். தப்பு மேளத்தின் தோல் பனியில் நனைந்து தளர்ந்துபோகும். வைக்கோலைக் கொளுத்தி அந்தச் சூட்டில் தப்பைக் காய்ச்சி மறுபடி அடிப்பார்கள். அந்தத் தோல் சூடாகும் வாசனை இன்றும் எனக்கு மாசி வாசனைதான்.

விடியும் நேரம் மதன் சிவனை நோக்கிப் போவான். ரதி வழியை மறிப்பாள். கெட்ட கனவு கண்டேன் போகாதே என்பாள். சிவனின் பெருமையைச் சொல்லித் தடுப்பாள். அவன் தன் அம்பின் வலிமையைச் சொல்வான். இந்தத் தர்க்கப் பாட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். பார்க்கிறவர்களுக்கு முடிவு தெரியும், ஆனாலும் ரதி ஜெயித்துவிடமாட்டாளா என்று ஒவ்வொரு வருடமும் காத்திருப்பார்கள். அப்புறம் சிவன் பரணில் கண் திறப்பார். கம்பத்துக்கு நெருப்பு வைக்கப்படும்.

ரதியாக ஆடுவது பெண்களா?

மரபாக ஆண்கள்தான். எங்கள் தோட்டத்தில் பல வருடம் ரதி ஆடியவர் என் தாய்மாமா. கவ்வாத்து வெட்டுகிறவர். கத்தி பிடித்துப் பிடித்து உள்ளங்கை மரக்கட்டைபோல் இருக்கும், விரல் மூட்டெல்லாம் பருத்துப்போயிருக்கும். கண்ணாடி வளையல் அந்த மூட்டைத் தாண்டாது. அத்தை ஒரு கோப்பை தண்ணீரும் சவர்க்காரமும் வைத்துக்கொண்டு, மாமாவின் கையை மடியில் வைத்து, ஒவ்வொரு வளையலாக வழுக்கி ஏற்றுவார். பன்னிரண்டு வளையல் ஏற்ற அரை மணி நேரம் ஆகும். இரண்டுபேரும் அந்த அரை மணி நேரம் ஒன்றும் பேசமாட்டார்கள்.

ரதியின் அழுகைக்கு ஏன் ஊரே அழுகிறது?

கம்பம் எரிந்து அடங்கியதும் தப்பு நின்றுவிடும். ரதியின் பொட்டு அழியும், வளையல் உடையும், வெள்ளைச் சேலை வரும். ரதி ஒப்பாரி வைப்பாள். சாவு வீட்டில் எப்படி வைப்பார்களோ அப்படியே. வயதான பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து வட்டமாக உட்கார்ந்து கூட அழுவார்கள்.

அப்பாயியிடம் நான் கேட்டேன், கதைக்கு ஏன் அழுகிறீர்கள் என்று. “கதைக்கா அழுறேன்? எங்கக்காவுக்கு அழுறேன்” என்றார். 1964ஆம் ஆண்டு இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, குடியுரிமை இல்லாதிருந்த நம் மக்களில் 525,000 பேரை இந்தியா ஏற்கவும் 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கவும் முடிவானது. குடும்பங்கள் பிளந்தன. அப்பாயியின் அக்கா பிள்ளைகளோடு தலைமன்னாருக்குக் கோச்சி (ரயில்) ஏறி, அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் போனார். அந்தக் கோச்சியை மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்றே சொன்னார்கள். அக்காவும் தங்கையும் அதன்பிறகு ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

காமன் கூத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வேடத்தையும் தாளத்தையும் நிறைய எழுதுகிறார்கள். எழுதட்டும். ஆனால் காமன் நம் மலையில் இத்தனை காலம் நிலைத்ததற்கு நான் கண்ட காரணம் அந்த வட்டம்தான். வருடம் முழுவதும் பிரட்டுக்கும் (காலை ஆள் கணக்கெடுப்பு) கொழுந்துக்கும் ஓடுகிற பெண்களுக்கு, வாய்விட்டு அழ ரதி ஒரு இரவைக் கொடுத்தாள்.

மன்மதன் உண்மையில் எரிந்தானா, எரியவில்லையா?

இதுவே ஒரு பாட்டுப் போட்டி. எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டாகப் பிரிந்து லாவணியில் வாதாடுவார்கள். உடம்பு எரிந்ததை எல்லோரும் கண்டார்களே என்பது ஒரு பக்கம். எரிந்திருந்தால் உலகத்தில் இன்னும் காதல் இருக்குமா என்பது மறுபக்கம். லாவணி மராட்டியர் ஆட்சியோடு தஞ்சைக்கு வந்த பாட்டு வடிவம். நான் எந்தக் கட்சி என்று கேட்டால், எரிந்த கட்சி. எரியவில்லை என்றால் ரதியின் கண்ணீருக்கு மதிப்பில்லாமல் போய்விடும்.

இந்தக் கூத்து மலையகத்துக்கு எப்படி வந்தது?

நம் ஆட்களோடுதான் வந்தது. 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கியதிலிருந்து திருச்சி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் பக்கங்களிலிருந்து மக்களை ஆள் சேர்க்கும் கங்காணிகள் அழைத்து வந்தார்கள். கடலைத் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். அந்த வழியில் காய்ச்சலிலும் பசியிலும் இறந்தவர்கள் ஏராளம். கோப்பி இலைநோயில் அழிந்து தேயிலை வந்த பிறகும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கையில் கொண்டுவந்தது குறைவு. காமன் பாட்டும் பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் தலைக்குள் வந்தன. இன்றும் மலையகத்தின் பெரிய கூத்துகள் இந்த மூன்றும்தான்.

தமிழர் பழங்காலத்திலேயே காமனைக் கும்பிட்டார்களா?

ஆம். இரண்டு சான்று சொல்கிறேன், இரண்டிலும் பெண்கள்தான்.

சிலப்பதிகாரத்தில் கோவலன் பிரிந்திருக்கும் நேரம். தோழி தேவந்தி கண்ணகியிடம், காவிரிப்பூம்பட்டினத்தில் சோமகுண்டம், சூரியகுண்டம் என்ற குளங்களில் நீராடிக் காமவேள் கோட்டத்தில் தொழுதால் கணவனோடு சேரலாம் என்கிறாள். கோட்டம் என்றால் கோயில். ஆக, காமனுக்குக் கோயிலே இருந்திருக்கிறது. கண்ணகி பீடன்று என்று மறுத்துவிடுகிறாள், அதாவது அது எனக்குப் பெருமை இல்லை என்கிறாள். அப்படி மறுத்தவளே பின்னர் தெய்வமாகி, கண்டியில் பத்தினி தேவாலயத்தில் சிங்கள மக்களாலும் வணங்கப்படுகிறாள்.

ஆண்டாள் மறுக்கவில்லை. நாச்சியார் திருமொழியின் முதல் பத்துப் பாட்டும் காமதேவனிடம் வைக்கும் வேண்டுதல். தை மாதம் முழுவதும் தரையை மெழுகிக் கோலமிட்டு, மாசியில் நுண்மணல் பரப்பித் தெருவை அழகுபடுத்தி, என்னைத் திருமாலோடு சேர்த்துவை என்று அனங்கதேவனைக் கெஞ்சுகிறாள். மாசியைக் கவனித்தீர்களா? எங்கள் பொட்டலில் மாசியில் பெண்கள் சாணி தெளித்து மெழுகுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆண்டாள் ஞாபகம்தான்.

மன்மதனுக்கு இப்போது ஏன் தனிக்கோயில் இல்லை?

அரிதாகிவிட்டது. ஆனால் சிற்பமாக நிற்கிறான். திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரம் கோயில் தூணில் உள்ள ரதி, மன்மதன் சிலைகள் பெயர்பெற்றவை. உடம்பில்லாதவனுக்கு நிரந்தரமான கருவறை வேண்டியதில்லை என்று எங்கள் வாத்தியார் சொல்வார். வருடத்தில் சில நாள் முளைத்து, எரிந்து, எழுந்து போகிற சாமி.

முருகன் வள்ளி காதலுக்கும் மலைக்கும் என்ன தொடர்பு?

நிறைய. பழந்தமிழில் மலை நிலம் குறிஞ்சி. அதன் தெய்வம் முருகன். அந்த நிலத்துக்குரிய ஒழுக்கம் காதலர் கூடுவது. வள்ளி வேடர் குலத்தில் வளர்ந்து, தினைப்புனத்தில் பரண்மேல் நின்று கவண் கல்லெறிந்து கிளி விரட்டியவள். முருகன் வேடனாக வந்தான், வேங்கை மரமாக நின்றான், கிழவனாக வந்து தேனும் தினைமாவும் வாங்கித் தின்றான். ஒன்றும் பலிக்காமல் அண்ணன் பிள்ளையாரை யானையாக வரச்சொன்னான், பயந்த வள்ளி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். தெய்வானை பெரியவர்கள் முன்னின்று நடத்திய திருமணம், வள்ளி தானே தேர்ந்த காதல். நம் மரபு இரண்டையும் முருகனின் இரண்டு பக்கமும் வைத்திருக்கிறது. காதலித்த பிள்ளைகளிடம் கோபப்படும் பெற்றோருக்கு நான் இந்தப் படத்தைத்தான் காட்டுவேன்.

வள்ளி கதிர்காமத்துப் பெண் என்பது இங்குள்ள நம்பிக்கை. கதிர்காமம் மலைக்குக் கீழே ஊவா மாகாணத்தின் தென்கோடியில் இருந்தாலும், மலையகத்திலிருந்து நேர்த்தி வைத்துப் போகாத குடும்பம் குறைவு. அங்கே ஆடித் திருவிழாவில் இரவுதோறும் ஊர்வலம் எங்கே போகிறது தெரியுமா? முருகன் கோயிலிலிருந்து வள்ளியம்மன் கோயிலுக்கு. கருவறையில் சிலை தெரியாது, திரைதான். வாயைத் துணியால் கட்டிய கப்புறாளை என்னும் பூசகர் மௌனமாகப் பூசை செய்வார். தமிழரும் சிங்களவரும் ஒன்றாக நின்று கும்பிடும் அந்தத் திருவிழா, ஒரு காதலன் தன் காதலி வீட்டுக்குப் போய் வருவதுதான்.

காமாட்சியின் கையில் ஏன் கரும்பு வில்?

மன்மதன் எரிந்தபின் அவனுடைய வில்லும் பூ அம்பும் அம்பாளின் கையில் இருக்கின்றன. காஞ்சி காமாட்சியும் லலிதா திரிபுரசுந்தரியும் கரும்பு வில்லோடுதான் இருப்பார்கள். அம்பாளே மன்மதனை உயிர்ப்பித்தாள் என்றும் ஒரு புராணம் உண்டு. அப்பா எரித்ததை அம்மா எழுப்பினாள் என்று எளிமையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நுவரெலியா சீதையம்மன் கோயிலும் காதலுக்குரிய இடமா?

காதலித்துப் பிரிந்தவர்களின் இடம் என்று சொல்வேன். ஹக்கலை பூங்காவுக்குப் பக்கத்தில், சீதா எலியவில் ஓடைக்கரையில் இருக்கிறது. இராவணன் சீதையை வைத்திருந்த அசோகவனம் இதுதான் என்பது நம்பிக்கை. கரைப் பாறையில் உள்ள குழிகளை அனுமனின் காலடி என்று காட்டுவார்கள். 2024 மே மாதம் நடந்த குடமுழுக்குக்கு அயோத்தியிலிருந்து சரயு நதி நீர் வந்தது. வெளிநாட்டில் கணவன் வேலை செய்யும் பெண்கள் அங்கே வந்து வெகுநேரம் ஓடையைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைக் கண்டிருக்கிறேன். மலையகத்திலிருந்து மத்திய கிழக்குக்குப் போகிறவர்களில் பெண்களும் ஏராளம். அவர்களுடைய கணவன்மாரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

ராதை, கிருஷ்ணன்?

வடக்கில் காதல் என்றாலே அவர்கள்தான். ராதையின் புகழைப் பரப்பியது 12ஆம் நூற்றாண்டில் ஜெயதேவர் பாடிய கீதகோவிந்தம். தமிழில் அந்த இடத்தில் நப்பின்னை இருந்தாள். திருப்பாவையில் ஆண்டாள் நப்பின்னையைத்தான் துயிலெழுப்புகிறாள்.

மன்மதனும் மேல்நாட்டுக் கியூபிட்டும் ஒன்றா?

இல்லை. வில்லும் அம்பும் மட்டும்தான் ஒற்றுமை. கியூபிட்டைப் பெரும்பாலும் சிறகுள்ள குழந்தையாக வரைகிறார்கள். மன்மதன் மனைவியுள்ளவன், அவளைப் பிரிந்து மாண்டவன்.

திருமணம் கைகூடவும் கணவன் மனைவி ஒற்றுமைக்கும் எந்த விரதம்?

வீடுகளில் பெண்கள் அதிகம் பிடிப்பது கேதாரகௌரி விரதம். புரட்டாசி வளர்பிறைத் தசமியில் தொடங்கி ஐப்பசி அமாவாசை வரை 21 நாள். தீபாவளியை ஒட்டி முடியும். 21 இழை நூலில் காப்புக் கட்டுவார்கள். பார்வதி இந்த விரதத்தால்தான் சிவனின் உடம்பில் பாதியைப் பெற்று அர்த்தநாரீசுவரர் ஆனார்கள் என்பது கதை. திருமணமாகாதவர்களுக்குப் பங்குனி உத்தரம் விசேடம். சிவனுக்கும் முருகனுக்கும் திருக்கல்யாணம் நடக்கும் நாள் அது.

பரிகாரம் செய்கிறேன், வசியம் செய்கிறேன் என்று காசு கேட்கிறவர்களிடம் போக வேண்டாம். ஒருவர் மனத்தைக் கட்டாயமாகத் திருப்புவதற்கும் இந்தத் தெய்வங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சிவனிடமே அதை முயன்றவன் சாம்பலானான்.

வேறு சமயத்தவர் காமன் கூத்துக்கு வரலாமா?

தாராளமாக. பொட்டலுக்குள் செருப்பு வேண்டாம், குடித்துவிட்டு வர வேண்டாம். படம் எடுக்கலாம், ஆனால் ஒப்பாரி நேரத்தில் பெண்களின் முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள். குளிர் கடுமையாக இருக்கும், கம்பளி கொண்டுவாருங்கள். தேத்தண்ணி எந்த வீட்டிலும் கிடைக்கும்.

கூத்து அழிந்துகொண்டு வருகிறதா?

பல தோட்டங்களில் நின்றுவிட்டது. இளைஞர்கள் கொழும்புக்குப் போய்விட்டார்கள், பதினைந்து நாள் விரதம் இருக்க லீவு கிடைக்காது. பாட்டு முழுவதும் தெரிந்த வாத்தியார்கள் குறைந்துவிட்டார்கள். எங்கள் வாத்தியாரின் பாட்டுகள் ஒரே ஒரு கொப்பியில் இருந்தன, பாதிப் பக்கத்தில் மண்ணெண்ணெய் கறை. அவர் இறந்தபின் அதைப் பார்த்து எழுதி எடுக்கவே எனக்கு ஒரு டிசம்பர் விடுமுறை முழுவதும் போனது. எழுத்து இருக்கிறது, மெட்டு பல இடத்தில் இல்லை. உங்கள் தோட்டத்தில் பாடுகிற பெரியவர் இருந்தால் இந்த வருடமே போனில் பதிவு செய்யுங்கள்.

இன்னொரு காரணத்தையும் மறைக்கக்கூடாது. தப்பு அடிக்கிறவர்களைத் தாழ்த்திப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருந்தது, இன்னும் இருக்கிறது. விடிய விடியத் தாளம் கொடுத்தவரை வாசலுக்கு வெளியே நிறுத்தித் தேத்தண்ணி கொடுத்தால் அவர் பிள்ளை எப்படித் தப்பை எடுப்பான்? அதைத் திருத்தாமல் கூத்தைக் காப்பாற்றுகிறோம் என்பதில் அர்த்தமில்லை.

எரித்த பிறகு மன்மதன் எப்போது எழுந்திருப்பான்?

மூன்றாம் நாள். சாவு வீட்டில் பால் தெளிப்பதுபோல் கம்பம் எரிந்த இடத்தில் பால் தெளித்து, பூசை வைத்து எழுப்புவார்கள். எரித்த இரவில் வந்த கூட்டத்தில் பாதிகூட அன்று இருக்காது. போயா விடுமுறை முடிந்து பிள்ளைகள் பஸ் ஏறியிருப்பார்கள். காப்பு அறுத்து, ரதிக்கு மறுபடி பொட்டும் பூவும் வைப்பார்கள். எங்கள் பொட்டலில் அத்தை புது வளையல் பன்னிரண்டும், கோப்பையில் தண்ணீரும், சவர்க்காரமும் கொண்டு வருவார். எரிந்த மண்ணுக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, மாமாவின் கையை மடியில் எடுத்து வைத்து, ஒவ்வொன்றாக ஏற்றத் தொடங்குவார்.